துப்பாக்கி முனையிலே ஒரு மாதுளம்பழம்

தீபாவளிக்கு மறுநாட் காலையில் தோட்டத்து லயத்து வாசலைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியைத் தவறாமற் கண்டிருப்பார்கள். முதல் நாள் இரவு வெடித்துச் சிதறிய சீனவெடிகளின் கடதாசித் துண்டுகள் முற்றமெங்கும் இறைந்து கிடக்கும். அவற்றின் நடுவே குந்தியிருந்து, வெடிக்காமற் போன வெடிகளைச் சிறுவர்கள் தேடிப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். திரி கருகியும் மருந்து எரியாதிருக்கும் அந்த வெடிகளுக்குச் சிறுவர் உலகிலே தனி மதிப்பு உண்டு. சில வருடங்களுக்கு முன் கொடகவெலவுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்திலே நாமும் அக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று அங்கே ஒரு புதுமை நிகழ்ந்தது. கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து, கிடந்த வெடிகளுக்கும் மற்றைப் பிள்ளைகளுக்கும் இடையே இரு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான். "தொடாதீங்க! யாரும் கிட்டப் போகாதீங்க! பெரிய ஆளுங்ககிட்டச் சொல்லணும்!" என்று கத்தினான். மற்றைப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, நகரவுமில்லை.

இஸ்தோப்பிலே அமர்ந்திருந்த அவனுடைய அப்பாயி நம்மைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துல அவனுக்கு அப்படித்தாங்க சொல்லிக் குடுத்திருக்காங்க. எங்க பக்கத்து மண்ணுல கெடக்குறது சீனவெடி இல்லீங்களே" என்றார். அந்த மூதாட்டி பிறந்தது இதே லயத்தில். 1977ஆம் ஆண்டிலே இங்கிருந்து வன்னிக்குச் சென்றவர்.

அந்த மண்ணிலே கிடப்பவை பலவகை. மிதிவெடியைப் பற்றி யாவரும் கேள்விப்பட்டிருக்கிறோம். பீரங்கிக் குண்டைப் பற்றியும் அறிவோம். ஆனால் பெரிய கோழிமுட்டை அளவேயான ஒரு சிறு குண்டு உண்டு. அதை ஏவுவது பீரங்கியன்று. ஒரு தனிச் சிப்பாயின் தோளிலுள்ள துப்பாக்கியே. உலகத்துச் சேனைகள் பல நூற்றாண்டுகளாக முயன்று உருவாக்கிய இப்பொருள் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு தொழில் செய்கிறது, ஏன் சில வேளைகளில் தொழில் செய்யாமற் கிடக்கிறது என்பவற்றை இன்று பார்ப்போம். ஆயுதக் கதை குடும்பப் பகுதிக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அந்தச் சிறுவன் கைகளை விரித்து நின்றமையே அதற்கு விடை.

கைக்கு எட்டாத தூரம்

கைக்குண்டை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் குறிக்கும் 'கிரனேட்' என்னும் சொல், பிரெஞ்சு மொழியிலே மாதுளம்பழத்தைக் குறிப்பது. பழத்தினுள்ளே முத்துக்கள் நெருங்கியிருப்பதுபோலக் கோளத்தினுள்ளே மருந்து அடைக்கப்பட்டிருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சேனைகள், உயரமும் புயவலிமையும் உள்ளவர்களாகப் பார்த்துத் தெரிந்தெடுத்து அவர்களிடம் இக்குண்டுகளை ஒப்படைத்தன. அவர்களுக்குக் 'கிரனேடியர்' என்று பெயர். பின்னர் குண்டு வழக்கொழிந்தது. பெயர் மட்டும் பெருமைக்குரிய பட்டமாக நிலைத்துவிட்டது.

எவ்வளவு வலிமையுள்ளவனாயினும் மனிதனுடைய கைக்கு ஓர் எல்லை உண்டு. முதலாம் உலக யுத்தத்திலே பிரித்தானியர் பாவித்த 'மில்ஸ்' குண்டு முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகமான நிறையுடையது. ஏறக்குறைய ஐந்து கிரிக்கெட் பந்துகளை ஒன்றாய்க் கட்டி எறிவதற்குச் சமம். அதைச் சாதாரணச் சிப்பாய் ஒருவன் முப்பது, நாற்பது மீற்றருக்கு அப்பால் எறிதல் அரிது. அதற்கு அப்பாலுள்ள பகைவன் ஒரு மதிலின் மறைவிலோ பள்ளத்திலோ பதுங்கியிருந்தால் என் செய்வது? துப்பாக்கிச் சன்னம் ஏறக்குறைய நேர்கோட்டிலே செல்வது. மதிலைத் தாண்டி வளைந்து இறங்காது. பின்னணியிலுள்ள பீரங்கியை அழைக்கலாமெனில், இரு தரப்பாரும் நெருங்கி நிற்கையில் அது தன் படையையே அழித்துவிடலாம்.

ஆக, கை எறியும் தூரத்துக்கும் பீரங்கி சுடும் தூரத்துக்கும் நடுவே சில நூறு மீற்றர் அகலமான ஒரு வெற்றிடம் இருந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்கான முயற்சியே இவ்வாயுதத்தின் சரித்திரம் முழுவதும். அகன்ற வாயுள்ள குட்டைத் துப்பாக்கிகளைச் செய்து அவற்றால் குண்டெறியப் பண்டைக்காலத்திலேயே பலர் முயன்றனர். சுட்டவன் தோளை முறிக்குமளவுக்கு அவை உதைத்தன. ஆதலால் அம்முயற்சி நெடுங்காலம் கைவிடப்பட்டுக் கிடந்தது.

ஜாம் தகரமும் தடியும் கிண்ணமும்

1904-05ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ருஷிய-ஜப்பானிய யுத்தத்தில், போர்ட் ஆர்தர் துறைமுக முற்றுகையின்போது, மறக்கப்பட்டிருந்த கைக்குண்டு மீண்டும் களத்துக்கு வந்தது. அதைக் கவனித்த ஆங்கிலேயர் சிலருள் மார்ட்டன் ஹேல் என்பவர், குண்டின் அடியிலே ஒரு நீண்ட உலோகத் தடியைப் பொருத்தினார். தடியைத் துப்பாக்கிக் குழலினுள் நுழைத்து, சன்னமில்லாத வெற்றுத் தோட்டாவைச் சுட்டால், மருந்தின் ஆவி தடியைத் தள்ள, குண்டு பறந்து செல்லும். ஈர்க்கு வாணத்தைப் போத்தலிலே நிறுத்திக் கொளுத்தும் பிள்ளைகளுக்கு இதன் தோற்றம் எளிதிலே விளங்கும்.

ஆயினும் 1914இல் யுத்தம் மூண்டபோது பிரித்தானியப் படையிடம் இவை போதிய அளவில் இருக்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் மாத இறுதியில் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கிய இந்தியப் படையினர் நிலையும் அதுவே. பிரான்சின் சேற்றுப் பதுங்குகுழிகளிலே, வெற்று ஜாம் தகரங்களை மருந்தாலும் இரும்புத் துண்டுகளாலும் நிரப்பிக் குண்டு செய்ய வேண்டியவர்களாயினர். எதிரே ஜெர்மானியரிடம் ஆலையிற் செய்த குண்டுகள் தாராளமாய் இருந்தன. 1914 நவம்பரில் பெஸ்துபேர் என்னுமிடத்தில், குண்டு வீச்சினிடையே பதுங்குகுழியின் ஒவ்வொரு திருப்பத்திலும் முதலாளாய் நுழைந்து காயமடைந்த கட்வாலி வீரர் நாயக் தர்வான் சிங் நேகி, விக்டோரியாச் சிலுவை பெற்றார். கைக்கெட்டும் தூரத்துச் சமரின் கொடுமைக்கு அவருடைய காயங்களே சான்று.

1915இல் வில்லியம் மில்ஸ் என்பாரின் குண்டு வந்தது. அதையும் முதலில் தடி பொருத்தியே சுட்டார்கள். தடியால் ஒரு தொல்லை உண்டாயிற்று. குழலின் நடுவே தடைப்பட்ட ஆவி குழலையே வீங்கச் செய்தது. சில நாட்களில் அத்துப்பாக்கி குறிபார்த்துச் சுடுவதற்கு உதவாமற் போயிற்று. இதற்குப் பரிகாரமாகத் துப்பாக்கி வாயிலே ஓர் இரும்புக் கிண்ணத்தைப் பொருத்தினர். கிண்ணத்தினுள் குண்டை வைத்துச் சுட்டால் அது ஏறக்குறைய 200 கஜ தூரம் சென்றது.

பிரெஞ்சுக்காரர் இதனினும் நுட்பமான வழியொன்றைக் கண்டனர். 1916இல் வந்த அவர்களுடைய குண்டின் நடுவே ஒரு துவாரம் இருந்தது. சாதாரணத் தோட்டாவையே சுடலாம். சன்னம் துவாரத்தின் வழியே வெளியேறும்போது குண்டின் திரியைத் தூண்டிவிட்டுச் செல்லும். பின்தொடரும் ஆவி குண்டைத் தள்ளும். வெற்றுத் தோட்டாவைத் தேடும் வேலை இதனால் மிஞ்சியது.

1917 தொடக்கத்தில் பிரித்தானியச் சேனை தன் காலாட்படையின் சிறு பிரிவையே திருத்தியமைத்தது. ஒவ்வொரு பிளட்டூனும் நான்கு பகுதிகளாயிற்று: துப்பாக்கி வீரர், இயந்திரத் துப்பாக்கியினர், கையால் குண்டெறிவோர், துப்பாக்கியால் குண்டெறிவோர். பின்னாலுள்ள பீரங்கியின் உதவிக்குக் காத்திராமல், முப்பது நாற்பது பேரைக் கொண்ட ஒரு சிறு குழு தன் வழியைத் தானே திறந்துகொள்ள வேண்டும் என்பது இதன் நோக்கம். காலாட்படையின் மடியிலே ஒரு குட்டிப் பீரங்கியைக் கட்டிவிட்டார்கள் எனலாம்.

நான்கு குறைகள்

எனினும் இம்முறையிலே நான்கு குறைகள் நிலைத்திருந்தன. முதலாவது, துப்பாக்கிக்கு ஏற்படும் சேதம். பழைய றைபிள்களைத் தெரிந்தெடுத்து, குழல் வெடித்தாலும் பிடித்திருக்கும் கைக்கு ஊறு நேராதிருக்கும் பொருட்டு முன்பகுதியைக் கம்பியால் இறுகச் சுற்றிக் குண்டெறிவதற்கென்றே ஒதுக்கிவைத்தனர். வங்காளத்தின் இச்சாப்பூர் றைபிள் தொழிற்சாலையிலும் இத்தகைய கம்பி சுற்றிய துப்பாக்கிகள் செய்யப்பட்டன.

இரண்டாவது, உதை. தோளில் வைத்துச் சுடுதல் கடினமாகையால், துப்பாக்கியின் அடிக்கட்டையை நிலத்திலே ஊன்றிச் சாய்த்துச் சுட வேண்டியிருந்தது. குறி பெரும்பாலும் அநுபவத்தின் வசமாயிற்று. மூன்றாவது, தோட்டா மாறினால் ஏற்படும் விபரீதம். வெற்றுத் தோட்டாவுக்குப் பதிலாகச் சன்னமுள்ள தோட்டாவைப் பதற்றத்திலே இட்டுவிட்டால் சுட்டவனுக்கே ஆபத்து. நான்காவது, குண்டு வாயிலே இருக்கும்வரை அத்துப்பாக்கியாற் சாதாரணமாகச் சுட முடியாது. பகைவன் திடீரென எதிர்ப்பட்டால் சிப்பாய் வெறுங்கையனே.

இரண்டாம் உலக யுத்தத்தில் தாங்கிகள் பெருகியபோது, இரும்பைத் துளைக்கும் குண்டுகளையும் இவ்வாறே துப்பாக்கி வாயிலிருந்து ஏவினர். யுத்தத்துக்குப் பின் மேற்கு நாடுகள் துப்பாக்கி வாயின் வெளிச்சுற்றை 22 மில்லிமீற்றர் என ஒரே அளவாக்கின. சன்னத்தைக் குண்டின் வாலிலேயே பிடித்து நிறுத்தும் முறையும் வந்தது. அதனால் மூன்றாவது குறை நீங்கியது. இந்தியாவின் 'இன்சாஸ்' றைபிளும் இவ்வாறு குண்டெறிவதற்கு இடமளிக்கும் வகையில் அமைக்கப்பட்டதே. பிரான்சும் ஜப்பானும் இம்முறையை நெடுங்காலம் விடாது பேணின. ஆனால் பெரும்பாலான சேனைகள் வேறொரு வழியிற் சென்றுவிட்டன.

நாற்பது மில்லிமீற்றர்

அவ்வழியின் வித்து, யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஜெர்மானியர் கண்ட ஒரு தத்துவம். கனத்த குண்டொன்றை மெல்லிய குழலிலிருந்து, தோளை முறிக்காமல் எறிய வேண்டும். மருந்து நன்றாக எரிவதற்கு மிகுந்த அமுக்கம் வேண்டும். மிகுந்த அமுக்கத்துக்கோ கனத்த குழல் வேண்டும். இச்சிக்கலை அவர்கள் அவிழ்த்த விதம் எளிது. மருந்தை ஒரு சிறிய, வலிய அறையினுள்ளே எரியவிட்டு, உண்டாகும் ஆவியைச் சிறு துளைகள் வழியே பெரிய அறையொன்றுக்குள் கசியவிட்டனர். அங்கே அமுக்கம் தணிந்து, குண்டை அடிக்காமல் தள்ளியது. குடத்துத் தண்ணீரை ஒரேயடியாய்க் கவிழ்ப்பதற்கும் குழாய் வழியே விடுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

அமெரிக்கர் இத்தத்துவத்தைத் தோட்டாவினுள்ளேயே அடக்கி, 1961இல் எம் 79 என்ற குட்டைத் துப்பாக்கியைத் தம் படைக்கு வழங்கினர். குழலின் உள்விட்டம் 40 மில்லிமீற்றர். குண்டு புறப்படும் வேகம் செக்கனுக்கு 76 மீற்றர் மட்டுமே. றைபிள் சன்னத்தின் வேகத்திலே பத்திலொரு பங்குக்கும் குறைவு. ஆயினும் அது வளைந்து பறந்து ஏறக்குறைய 350 மீற்றர் வரை சென்று விழும். விழுந்த இடத்தைச் சுற்றி ஐந்து மீற்றர் வரை உயிருக்கு ஆபத்து. வியட்நாம் யுத்தத்திலே இது பெருமளவிற் பாவிக்கப்பட்டது.

இதை ஏந்தியவனிடம் வேறு றைபிள் இல்லை என்பது அடுத்த குறை. ஆதலால் 1960களின் இறுதியில், றைபிளின் குழலுக்குக் கீழேயே குண்டெறியும் இரண்டாவது குழலைத் தொங்கவிட்டு எம் 203 என்று பெயரிட்டனர். சோவியத் நாடு 1970களின் பிற்பகுதியில் கலாஷ்னிகோவ் துப்பாக்கியின் கீழே பொருத்தும் ஜீ.பீ. 25 என்பதைக் கொண்டுவந்தது. பழைய நான்காவது குறையும் இவ்வாறு நீங்கிற்று: மேற்குழல் சன்னத்துக்கு, கீழ்க்குழல் குண்டுக்கு.

தமிழ்நாட்டுக்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு. 1966 ஜூலை மாதத்தில் இந்திரா காந்தி அம்மையார் நாட்டுக்கு அர்ப்பணித்த திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலையிலே, இன்சாஸ் றைபிளின் கீழும் கலாஷ்னிகோவின் கீழும் பொருத்தத் தக்க 40 மில்லிமீற்றர் குண்டெறி குழல்கள் செய்யப்படுகின்றன. இக்காலத்திலோ சிறிய ஆளில்லா விமானங்களிலே இதே வகைக் குண்டுகளைக் கட்டி மேலிருந்து போடுகின்றனர். உக்ரேன் யுத்தத்திலே இது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. கைக்கு எட்டாத தூரத்தை எட்டவேண்டும் என்ற பழைய ஆசைக்கு இப்போது சிறகும் முளைத்திருக்கிறது.

உறங்கும் குண்டு

இத்தனை அறிவைச் செலவிட்ட மனிதன், சுட்டவனைக் காப்பதற்கும் ஒரு வழி செய்தான். 40 மில்லிமீற்றர் குண்டு குழலை விட்டு வெளியேறியவுடன் வெடிக்கும் நிலையில் இருப்பதில்லை. குழலின் உட்சுவரிலுள்ள திருகுவரைகள் அதைச் சுழலச் செய்கின்றன. சுழன்று பறந்து, அமெரிக்கக் குண்டாயின் 14 முதல் 27 மீற்றர் வரை கடந்த பின்னரே, அதனுள்ளேயுள்ள பூட்டுத் திறந்து குண்டு 'விழித்துக்கொள்கிறது'. பின்னர் எதன்மீதேனும் மோதினால் வெடிக்கும்.

நம் கதையின் முக்கியமான இடம் இதுவே. விழித்துக்கொண்ட குண்டு கல்லிலே மோதாமல் சேற்றில் விழுந்தால்? குளக்கரை மணலிலோ சருகுக் குவியலிலோ சாய்வாக இறங்கினால்? அடி போதாமல் அது வெடிக்காதிருந்துவிடலாம். ஆனால் பூட்டுத் திறந்தது திறந்ததே. ஆயத்தமாகிவிட்ட குண்டு, போதாமற்போன அந்த ஓர் அடிக்காக மண்ணுக்குள்ளே காத்துக் கிடக்கிறது. அதற்கு யுத்தம் முடிந்த செய்தி எட்டுவதில்லை. மண்வெட்டி, மாட்டின் குளம்பு, குப்பை எரிக்கும் நெருப்பு, குழந்தையின் கை, இவற்றுள் எதுவாயினும் அதற்கு ஒன்றே.

மேலும் இதன் உருவமும் கேடு செய்வது. சிறியது, உருண்ட மூக்குடையது, சில வகைகளில் அம்மூக்குக்குப் பொன்னிறம் பூசப்பட்டிருக்கும். சிறுவனுக்கு அது விளையாட்டுப் பொருளாகவும், பழைய இரும்பு பொறுக்குபவருக்கு நாலு காசு தரும் உலோகமாகவும் தோன்றும்.

நமது நாட்டிலே

சப்ரகமுவா மாகாணத்தார் குண்டோசையை முதன்முதலில் அறிந்தது வடக்கிலிருந்தன்று. 1971 ஏப்ரிலில் மக்கள் விடுதலை முன்னணியினர் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது, கேகாலை மாவட்டம் கிளர்ச்சியின் முக்கிய களங்களுள் ஒன்றாயிருந்தது. அவர்களிடமிருந்தவை வேட்டைத் துப்பாக்கிகளும் வீடுகளிலே செய்த தகரக் குண்டுகளுமே. 1914இல் பிரான்சிலே ஜாம் தகரம் எடுத்த வேடத்தை இங்கே வேறு தகரங்கள் எடுத்தன.

வடக்கு கிழக்கு யுத்தத்திலோ இரு தரப்பாரிடமும் நவீன குண்டெறி குழல்கள் இருந்தன. விடுதலைப் புலிகள், துப்பாக்கி வழியே எறியும் குண்டொன்றைத் தாமே செய்தும் பாவித்தனர். அதன் பெயர் 'அருள்'. அச்சொல்லுக்குத் தமிழிலே உள்ள பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. வாங்கியவை, செய்தவை, கைப்பற்றியவை என யாவும் ஒரே மண்ணிலே விழுந்தன. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது, வெடித்தவை வெடித்தொழிந்தன. வெடியாதவை மிதிவெடிகளோடு மிதிவெடிகளாக அங்கேயே தங்கின.

அந்த மண்ணுக்கும் கொடகவெலவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய செல்லும் பெருஞ்சாலையில் இருக்கும் இச்சிற்றூரைச் சுற்றித் தேயிலையும் றப்பரும் உள்ள தோட்டங்களில் எத்தனை வீடுகளில் 'வன்னிச் சொந்தம்' இருக்கிறது என்று விசாரித்தால் விடை கிடைக்கும். 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் நிலவிய பஞ்சத்தின்போது ஒரு கூட்டம் வடக்கே நடந்தது. 1977 ஆகஸ்ட் வன்செயலின் பின் பெருந்திரள் சென்றது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோதும், 1983 ஜூலையின் பின்னரும் மேலும் பலர் சென்றனர். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளிலே காடு வெட்டிக் குடியேறினர். லயத்து ஒற்றைக் காம்பராவை விட்டுச் சொந்தக் காணி, சொந்த வாசல் என்று நம்பிச் சென்ற இடத்திலேயே யுத்தமும் பின்தொடர்ந்து வந்தது. அஞ்சி ஓடியவர்களின் புதுக் காணியிலேயே உறங்கும் குண்டுகள் விதைக்கப்பட்டன.

வாரி பிடித்த கைகள்

விதைத்தவை ஒன்றொன்றாய்ப் பொறுக்கப்பட்டு வருகின்றன. 2002 யுத்த நிறுத்தத்தை அடுத்து ஹலோ ட்ரஸ்ட், மாக் முதலிய சர்வதேச நிறுவனங்கள் இங்கே பணி தொடங்கின. பின்னர் டாஷ், ஷார்ப் என்னும் உள்நாட்டு அமைப்புகளும் சேர்ந்தன. இராணுவத்தின் பிரிவும் இப்பணியிலே ஈடுபட்டது. முகமாலைப் பகுதி நாட்டின் மிகப் பெரிய வெடிநிலங்களுள் ஒன்று.

இப்பணியிலே பெண்கள் பெருந்தொகையாக ஈடுபட்டு வந்திருப்பது குறிப்பிடத் தக்கது. யுத்தத்திலே கணவரை இழந்து, குடும்பத்தைத் தாமே தாங்குவோர் அவர்களிற் பலர். முகத்துக்குக் கண்ணாடிக் கவசமும் மார்புக்குக் கனத்த அங்கியும் அணிந்து, கொளுத்தும் வெயிலிலே முழந்தாளிட்டு, தோட்டக்காரர் வைத்திருப்பதுபோன்ற நீண்ட பிடியுள்ள வாரியால் மண்ணை மெல்ல மெல்ல வாரிக் கீழிறக்குகிறார்கள். கொழுந்து பறிப்பவளின் விரலுக்குள்ள வேகம் இங்கே கூடாது. ஒரு நாளில் ஒருவர் முடிப்பது ஒரு சிறிய பாத்தி அளவே. துப்பாக்கியிலிருந்து நொடிப்பொழுதில் எறிந்த ஒரு குண்டைத் திரும்பப் பெறுவதற்கு இத்தனை மனிதரின் இத்தனை நாட்கள் செலவாகின்றன.

2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையிலே சேர்ந்தது. மிதிவெடிகளை முற்றாக அகற்றுவதற்கு அது வழங்கிய பத்தாண்டுத் தவணையின் எல்லை 2028 ஜூன் 1. அந்த உடன்படிக்கை தடைசெய்வது மிதிவெடியையே. துப்பாக்கியால் எறியும் குண்டை அது தடைசெய்யவில்லை. ஆயினும் வாரிக்கு அந்த வேறுபாடு தெரியாது. மண்ணிலே அகப்படுவது எதுவாயினும் அகற்றியே தீரவேண்டும்.

வெளியேற்றிய நிலத்திலே குடும்பங்கள் திரும்பிக் குடியேறி, நெல்லும் கச்சானும் பயிரிட்டு வருகின்றன. எஞ்சிய இடங்களுக்குப் பாடசாலைப் பாடமே காவல். பிள்ளைகளுக்குக் கற்பிப்பது மூன்று சொற்களே: தொடாதே, நெருங்காதே, பெரியவரிடம் சொல்.

நம் வீட்டுக்கும் இப்பாடம்

இப்பாடம் வன்னிப் பிள்ளைக்கு மட்டும் உரியதென்று நாம் கருதவில்லை. தோட்டத்து ரோட்டுக்குப் பாறை உடைத்தவர்களைக் கேளுங்கள்: வைத்த வெடி வெடிக்காவிட்டால் எவரையும் கிட்ட நெருங்கவிடாமற் காத்திருக்கச் செய்வது அவர்களுடைய முதல் விதி. வயலோரத்திலே காட்டுப் பன்றிக்கென வைக்கும் வெடி, பன்றி இது, யானைக்கன்று இது, பிள்ளை இது என்று பிரித்தறிவதில்லை. வெடிமருந்து எங்கே இருப்பினும் அதன் குணம் ஒன்றுதான். வைத்தவனுடைய எண்ணத்தை அது நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

மாதுளம்பழத்தின் பெயரைத் தாங்கிய அக்குண்டை எறிவதற்குக் கையின் எல்லையைக் கடந்து நாநூறு மீற்றர் வரை மனிதன் வழி கண்டுவிட்டான். எறிந்த பின் அதைத் திரும்ப அழைப்பதற்கோ வழி காணவில்லை. அதற்கு இன்றும் ஒரு பெண் வாரியோடு முழந்தாளிட வேண்டியிருக்கிறது.

அன்று அந்த லயத்து வாசலிலே சிறுவன் நெடுநேரம் கைகளைத் தாழ்த்தாமலே நின்றான். முதலிற் சிரித்த பிள்ளைகள் சிறிது சிறிதாகச் சிரிப்பை நிறுத்தினார்கள். கடைசியில் அவனுடைய மாமா, பீலியடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தார். கிடந்த வெடிகளின்மேல் அதை ஊற்றி, நன்றாக நனைந்த பின்னர் விளக்குமாற்றாற் கூட்டி ஒதுக்கினார். "இப்பப் போலாமா, தம்பி?" என்று அவனைக் கேட்டார்.

அவன் ஒருமுறை குனிந்து பார்த்தான். "இப்பப் போலாம், மாமா" என்றான். அதன் பின்னரே விளையாட்டுத் தொடங்கிற்று.